சர்வதேசச் சாரணர் முகாமில் ஓய்வு நாள்: நீலகிரிக்கு முதன்முறை வரும் அணிகளுக்கு

சர்வதேச முகாமின் நிகழ்ச்சி நிரலில் நடுவாக்கில் ஒரு நாள் காலியாகக் கிடக்கும். காலையில் கொடியேற்றம், இரவில் பாசறைத் தீ, இடையில் ஒன்றும் எழுதியிருக்காது. புதிதாக வரும் சாரண ஆசிரியர்கள் அதைப் பார்த்ததுமே வேன் பேசக் கிளம்பிவிடுவார்கள். தொட்டபெட்டா, தாவரவியல் பூங்கா, படகு இல்லம், குன்னூர் என்று ஒரே நாளில் எல்லாம். பிள்ளைகள் பாதி நேரம் போக்குவரத்து நெரிசலில் உட்கார்ந்திருந்துவிட்டு, துவைக்காத துணியும் மற்ற அணிகளோடு மாற்றிக்கொள்ளாத பேட்ஜுமாக இருட்டிய பிறகு வந்து சேருவார்கள். மீதி முகாம் முழுக்க ஈரச் சாக்ஸ்தான்.

ஊட்டியை அடுத்த கோடை விடுமுறையில்கூடப் பார்த்துக்கொள்ளலாம். பக்கத்துக் கூடாரத்தில் இருக்கும் கென்யக்காரரையோ நார்வேக்காரரையோ அப்போது பார்க்க முடியாது. ஆகவே பாதி நாள் ஊருக்கு, பாதி நாள் பாசறைக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். அதிலும் காலையில் வெளியே, மதியத்துக்கு மேல் உள்ளே. இந்த மலையில் காலை வானம்தான் நம்பத்தக்கது. மழைக்காலத்திலும் அதை ஒட்டிய மாதங்களிலும் இரண்டு மணிக்கு மேல் மூட்டம் இறங்கினால் பத்தடி தள்ளி நிற்பவர் தெரியமாட்டார்.

முந்தைய நாள் மாலை

அணித்தலைவர்களை உட்காரவைத்து அரை மணி நேரம் பேசினால் போதும். முதலில் குழுப் பிரிப்பு. வெளியே போகும் எந்தக் குழுவிலும் நாலு பேருக்குக் குறையக் கூடாது. ஒருவருக்குக் கால் பிசகினால் ஒருவர் துணைக்கு இருக்க, இருவர் உதவி கேட்டுப் போகலாம் என்பதுதான் இதன் கணக்கு. மூன்று பேர் என்றால் உதவிக்குப் போகிறவர் தனியாகத்தான் போக வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு போவதாக இருந்தால், குழுவுக்குத் தமிழ் பேசுகிறவர் குறைந்தது இருவர் வேண்டும். ஒருவர் டிக்கெட் எடுக்கப் போனால் இன்னொருவர் இவர்களோடு நிற்க.

வெளியே போவதற்கான அனுமதிச் சீட்டை, அதாவது அவுட் பாஸை, இரண்டு பிரதி எழுதுங்கள். பெயர்கள், போகும் இடம், போகும் வழி, திரும்பும் நேரம், கூடப் போகும் பெரியவரின் கைபேசி எண். ஒன்று வாயிலில் இருக்கும், மற்றொன்று குழுவிடம். 'ஊட்டி' என்று மட்டும் எழுதினால் அது பாஸே இல்லை. தாமதமானால் எங்கே போய்த் தேடுவது?

ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் உள்ளங்கையளவு அட்டை ஒன்று வைக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் தமிழில், மறுபக்கம் ஆங்கிலத்தில்: முகாம் நடக்கும் இடம், இறங்க வேண்டிய பஸ் நிறுத்தம், முகாம் அலுவலக எண், கீழே 112 (அவசர உதவி), 108 (ஆம்புலன்ஸ்), 1098 (குழந்தைகள் உதவி). வழி தவறிய ஒரு ஜப்பானியச் சிறுவன் அதை நடத்துனரிடம் நீட்டினால் போதும், சரியான இடத்தில் இறக்கிவிடுவார். கைபேசியை நம்பி இதை விட்டுவிட வேண்டாம். பள்ளத்தாக்குப் பகுதிகளில் சிக்னல் போய்விடும். குளிரில் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டை முகாமிலேயே பூட்டி வைத்துவிட்டு, பாஸ்போர்ட், விசாப் பக்கங்களின் நகலை எடுத்துப் போகட்டும்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. நமக்கு டீக்கடை வரை க்யூஆர் கோடு பழகிவிட்டது. அவர்களில் பெரும்பாலோரிடம் யுபிஐ இருக்காது, கையில் இருப்பது 500 ரூபாய்த் தாளாக இருக்கும். அரசுப் பேருந்தில் அதை நீட்டினால் நடத்துனர் முகம் எப்படிப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முந்தைய நாளே முகாம் கடையில் 10, 20, 50 ரூபாய்த் தாள்களாக மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.

பெற்றோர் யாராவது அன்றைக்குப் பார்க்க வருவதாக இருந்தால் இ-பாஸ் பற்றி முன்பே சொல்லிவிட வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு அது தேவை. அரசுப் பேருந்திலோ ரயிலிலோ வந்தால் வேண்டாம். தண்ணீர் பாட்டிலும் அப்படித்தான். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு மாவட்டத்தில் தடை, சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். எவர்சில்வர் பாட்டில் கொண்டுவரச் சொல்லுங்கள். வழியில் தண்ணீர் ஏடிஎம்களில் நிரப்பிக்கொள்ளலாம்.

விடிந்ததும் துணி

அன்றைக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்க விடலாம், அதற்கு மேல் வேண்டாம். வெயில் விழுவதற்குள் துணி கொடியில் இருக்க வேண்டும். காலை எட்டு மணிக்குக் காயப்போட்டால் மூட்டம் வருவதற்குள் ஐந்தாறு மணி நேரம் கிடைக்கும். பத்து மணிக்குப் போட்டால் மாலையில் அதே ஈரத்தோடு எடுத்து மடிப்பீர்கள்.

எல்லாவற்றையும் துவைக்க ஆசைப்படாதீர்கள். சாக்ஸ், உள்ளாடை, ஒரு சட்டை, ஸ்கார்ஃப், இவ்வளவுதான். ஜீன்ஸ் இந்த ஊரில் இரண்டு நாளானாலும் காயாது. பிழிந்த துணியை உலர்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி, அதன் மேல் முழங்காலை ஊன்றி ஒரு அழுத்து அழுத்துங்கள். பாதி ஈரம் துண்டுக்கு வந்துவிடும். ஓடையில் சோப்பு போடுவது கூடவே கூடாது. வாளியில் துவைத்து, அழுக்குத் தண்ணீரை ஓடையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி மண்ணில் ஊற்றுங்கள். ஓடைக்குக் கீழே ஊர் இருக்கிறது.

எட்டுப் பேர் அணிக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் கொடி வேண்டும். அதைப்போல இரண்டு மடங்கு நீளக் கயிற்றை எடுத்து நடுவில் மடக்கி, இரண்டு புரியையும் ஒன்றன் மேல் ஒன்றாக முறுக்கிக் கட்டுங்கள். துணியின் ஓரத்தை அந்த முறுக்குக்குள் செருகினால் கிளிப்பே தேவையில்லை, காற்றுக்கும் பறக்காது. யூகலிப்டஸ் மரத்தில் கட்டாதீர்கள். அடியில் கூடாரமும் வேண்டாம். காற்றே இல்லாத நேரத்திலும் பெரிய கிளையாக முறிந்து விழும் மரம் அது.

ஷூ நனைந்திருந்தால் நெருப்பருகே வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. தோல் வெடிக்கும், அடிப்பாகப் பசை விட்டுப்போகும். உள்தகட்டை உருவிவிட்டுப் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் தாளை மாற்றினால் மாலைக்குள் போட்டுக்கொள்ளும் பதத்துக்கு வந்துவிடும்.

கூடாரத்தையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கி முளையைப் பிடுங்கும், நைலான் நனைந்தால் தளரும். இரண்டும் ஒரே கூடாரத்தில் இருந்தால் காலையில் அது ஏன் கோணலாக நிற்கிறது என்று குழம்ப வேண்டியதில்லை. தூக்கப் பைகளை உள்புறம் வெளியே வரும்படி திருப்பி வெயிலில் போடுங்கள்.

வெளியே போகும் நேரம்

ஒன்பது மணிக்குக் கிளம்பி இரண்டுக்குள் திரும்புவதாக வைத்துக்கொண்டால் ஒரு இடம் நிதானமாகப் பார்க்கலாம், இரண்டு இடம் அவசரமாகப் பார்க்கலாம். ஒன்றையே எடுங்கள்.

ரயில் பிடித்தவர்களுக்கு உதகை–குன்னூர் மலை ரயில். 46 கிலோமீட்டர் மேட்டுப்பாளையம்–உதகை பாதையில் இது மேல்பகுதி. பல்சக்கரத் தண்டவாளம் கல்லாருக்கும் குன்னூருக்கும் இடையில்தான், நீராவி எஞ்சின் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைதான். குன்னூருக்கு மேலே டீசல் எஞ்சின். இதை முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஏமாந்து போவார்கள். குன்னூர் வரை 1899-இலும் உதகை வரை 1908-இலும் ரயில் வந்தது. 2005 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. பழைய பல்சக்கர எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்தவை. சுவிஸ் சாரணர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், அப்புறம் குன்னூர் பணிமனைப் பக்கத்திலிருந்து நகரமாட்டார்கள். இருக்கைகள் குறைவு. முப்பது பேராகக் காலையில் நிலையத்துக்குப் போய் நின்றால் ஏற முடியாது. முன்பதிவு கிடைத்தால் மட்டும் போங்கள். போகும்போது ரயில், வரும்போது பேருந்து என்று வைத்தால் நேரம் மிஞ்சும்.

செடி கொடி பார்க்க விரும்பும் குழுவுக்கு உதகை அரசு தாவரவியல் பூங்கா, 1848-இல் தொடங்கியது. கல்லாகிப்போன மரத்துண்டு ஒன்று அங்கே இருக்கிறது, வயது இரண்டு கோடி ஆண்டு என்று பலகை சொல்லும். மே மாதத்தில் மலர்க் கண்காட்சி நாள்களில் மட்டும் அந்தப் பக்கமே தலைவைக்காதீர்கள். குன்னூர்ப் பக்கம் முகாம் என்றால் சிம்ஸ் பூங்கா சின்னது, போதுமானது. தொட்டபெட்டா 2,637 மீட்டர், நீலகிரியின் மிக உயரமான சிகரம்; சமவெளியிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு உச்சியில் நின்றோம் என்ற பெருமை. ஒன்பதரைக்குள் மேலே இருந்தால்தான் ஏதாவது தெரியும்.

எங்கள் தேர்வு முத்தோரைப் பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆராய்ச்சி மையத்தின் அருங்காட்சியகம். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று நீலகிரியின் பழங்குடிகளை ஓரிடத்தில் புரிந்துகொள்ளலாம். கூட்டம் இருக்காது. அரசு விடுமுறை நாளா என்று பார்த்துக்கொண்டு போங்கள். தோடர்களின் குடியிருப்பான மந்துக்கே போக வேண்டும் என்று யாராவது கேட்டால், ஊர்க்காரர் அழைத்தால் மட்டும். அவர்களுடைய அரைவட்டக் கூரைக் கோயில்களுக்குள் வெளியார் போகக் கூடாது; சுற்றுக் கல்வரிசைக்கு வெளியே நின்றுவிட வேண்டும். படம் எடுக்குமுன் கேட்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் முகாம் என்றால் படகர் சமூகத்தாரின் ஊர்களில் ஹெத்தையம்மன் பண்டிகை வரும். வெள்ளை உடுத்தி ஊர்வலமாக வருபவர்களின் குறுக்கே போய் செல்ஃபி எடுக்காமல் ஓரமாக நின்று பார்க்கலாம்.

ஓய்வு நாள் ஞாயிறாகவோ வெள்ளியாகவோ அமைந்தால் வழிபாட்டுக்குப் போகிறவர்களை முதலில் கேட்டு அந்தக் குழுவை முதல் வண்டியில் அனுப்புங்கள். அதற்கப்புறம்தான் மற்றவர்களின் சுற்றுலா.

எங்கே போனாலும் ஸ்கார்ஃப் கழுத்தில் இருக்கட்டும். கூட்டத்தில் எண்ணுவதற்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை. உடை அடுக்கடுக்காக: பனியன், சட்டை, ஸ்வெட்டர், மழைக்கோட்டு. ஜனவரியில் உதகையில் புல் மேல் உறைபனி படியும், பதினோரு மணிக்கு ஸ்வெட்டரைக் கழற்றத் தோன்றும். ராமநாதபுரத்துப் பிள்ளைகள் போர்வையைச் சுற்றிக்கொண்டே நடக்க, டென்மார்க்காரர்கள் கையில்லாத பனியனில் திரிவார்கள். முதலில் மாட்டுவது டென்மார்க்காரர்கள்தான். 2,200 மீட்டர் உயரத்தில் குளிர் காற்று இருந்தாலும் வெயில் சுடும். மாலையில் தோள்பட்டை சிவந்து தூங்க முடியாமல் முதலுதவிக் கூடாரத்துக்கு வருவார்கள். தொப்பியும் சன்ஸ்கிரீனும் சொல்லிக் கொடுங்கள்.

தேயிலைத் தோட்டமும் சோலையும் யாருக்கும் திறந்த வெளி அல்ல. தோட்டம் தனியார் நிலம், காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவது குற்றம். குறுக்கு வழி என்று தேயிலைக்குள் இறங்கினால் காட்டெருமை படுத்திருக்கும். அது மாடுபோல நின்று பார்ப்பதால் பயமில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். தலையைத் தாழ்த்திச் சீறினால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம். பார்த்ததும் பேச்சை நிறுத்தி, வந்த வழியே பின்வாங்குங்கள். அது போக வழி விட்டு நில்லுங்கள். அட்டை கடித்தால் பிடித்து இழுக்காமல், வாய்ப்பக்கம் நகத்தை வைத்துச் சறுக்கித் தள்ளிவிட்டு சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். ஓரங்களில் காஞ்சொறி இருக்கும். பட்ட இடத்தைத் தேய்த்தால் முள் இன்னும் இறங்கும். ஒட்டும் நாடாவை ஒட்டி உரித்தெடுத்துவிட்டுத் தண்ணீரில் கழுவுங்கள்.

வாங்குவதற்கு வர்க்கி, தேயிலை, தைலம், சாக்லேட். வர்க்கி உடையும், அதைத் தட்டுமுட்டுப் பைக்குள் போடாமல் கையில் கொண்டுவாருங்கள். தைல பாட்டிலைப் பிளாஸ்டிக் மூடியை நம்பி பெட்டியில் வைத்தால் துணியெல்லாம் மணக்கும்; கண்ணாடிப் பாட்டில் வாங்கி, மூடியில் டேப் சுற்றி, விமானத்தில் ஏற்றும் பெரிய பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்காரர்கள் விதை, கிழங்கு, தேன் வாங்குமுன் தங்கள் தலைவரைக் கேட்கட்டும், அவர்கள் விமான நிலையத்தில் சோதனை கடுமை. தோடர் பூத்தையல், 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது, வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும். அச்சடித்த போலியைத் திருப்பிப் பார்த்தாலே தெரியும், பின்பக்கத்தில் நூல் இருக்காது.

மதியத்துக்கு மேல்: பேட்ஜும் விருந்தும்

மூன்று மணியிலிருந்து ஆறு வரை முகாமின் சிறந்த நேரம். ஒரு போர்வையை விரித்து, மாற்றுவதற்கான பேட்ஜுகளை மட்டும் அதில் பரப்புங்கள். கொடுக்க விரும்பாததை விரிப்பில் வைக்கவே கூடாது. வைத்துவிட்டு 'இது இல்லை' என்பது மரியாதையல்ல. ஒருவருக்குப் பதினைந்து, இருபது பேட்ஜ் கொண்டுவந்தால் தாராளம். பள்ளியின் பெயரும் ஊரின் பெயரும் தைத்த பேட்ஜுக்குத்தான் மதிப்பு. எங்கும் கிடைப்பதை எல்லோரும் வைத்திருப்பார்கள்.

விதிகள் சொற்பம். ஒன்றுக்கு ஒன்று. பணத்துக்கு விற்பதில்லை. அடுத்தவர் விரிப்பைத் தொடுமுன் கேட்க வேண்டும். உடையில் தைத்திருக்கும் பதவிச் சின்னமும் திறமைச் சின்னமும் மாற்றுவதற்கல்ல. பெரியவர்கள் பெரியவர்களோடு மட்டும் மாற்றிக்கொள்ளட்டும். பத்து வயதுக் குருளையரிடம் (இளஞ்சாரணரிடம்) நாற்பது வயதுக்காரர் பேரம் பேசினால் அது பேரமே அல்ல. நம் பிள்ளைகள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: பெரிதாக, பளபளப்பாக இருந்தால் இரண்டு மூன்று கொடுத்துவிடுவார்கள். ஸ்கார்ஃபை மட்டும் கடைசி நாள் வரை கொடுக்க விடாதீர்கள், நிறைவு விழாவில் வெறுங்கழுத்தோடு நிற்பார்கள்.

கைகுலுக்குவது இடது கையால். சாரணர் உலகெங்கும் வழக்கம் அதுதான். ஆனால் பொருளைக் கொடுக்கும்போது நம் வழக்கப்படி வலது கை. இரண்டையும் வெளிநாட்டு விருந்தினருக்குச் சொல்லிவைத்தால் ஊருக்குள் போகும்போதும் உதவும்.

விருந்துக்கு அழைத்தால் பத்து வகை செய்யப் பார்க்காதீர்கள். அணிக்கு ஒரு பலகாரம், ஒரு பானம். சுண்டல் நல்ல தேர்வு: எட்டுப் பேர் அணி, எட்டு விருந்தினர் என்றால் ஒரு கிலோ கொண்டைக்கடலை. குளிரில் சீக்கிரம் ஊறாது. முந்தைய இரவு எட்டு மணிக்கே வெதுவெதுப்பான நீரில் போட்டு மூடிவையுங்கள். உதகை உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் கடலை எளிதில் வேகாது. குக்கரில் வையுங்கள், ஊரில் வைப்பதைவிட ஒன்றிரண்டு விசில் கூட விடுங்கள். மிளகாயைக் கிள்ளிப் போடாமல் முழுதாகத் தாளித்தால் வேண்டாதவர் ஒதுக்கிவிடுவார்.

இந்தப் பகுதியில் விளையாட்டுத்தனம் கூடாத விஷயம் ஒவ்வாமை. வேர்க்கடலை ஒரு துண்டு போனாலே மூச்சடைக்கும் பிள்ளைகள் வெளிநாட்டு அணிகளில் இருப்பார்கள். நாம் கடலை எண்ணெயை எண்ணெயாகவே நினைப்பதால் 'வேர்க்கடலை இல்லை' என்று சொல்லிவிடுவோம். ஆகவே அன்றைக்குத் தேங்காய் எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ மட்டும். கடலை மிட்டாயைப் பந்தியில் வைக்கவே வேண்டாம், ஒரே கரண்டி இரண்டுக்கும் போனாலும் ஆபத்துதான். தட்டின் முன்னால் என்னென்ன போட்டது என்று அட்டையில் எழுதி வையுங்கள். எபிபென் (கடும் ஒவ்வாமைக்கான அவசர ஊசி) வைத்திருப்பவர் அதைக் கூடாரத்தில் விட்டுவிட்டு வந்திருந்தால் திரும்பிப் போய் எடுத்துவந்த பிறகே சாப்பிட உட்காரட்டும். மாட்டிறைச்சி, பன்றி, ஹலால், சைவம் பற்றியும் அழைக்கும்போதே கேட்டுவிடலாம்.

விருந்தும் பேச்சும் திறந்த இடத்தில் நடக்கட்டும். அடுத்தவர் கூடாரத்துக்குள் யாரும் போவதில்லை. ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியே இருக்கும்படி எந்த ஏற்பாடும் கூடாது. தொடர்பு வைத்துக்கொள்ள விரும்பினால் அணியின் பொது முகவரியைக் கொடுங்கள். தனிக் கைபேசி எண்ணைக் கொடுப்பதா என்பதைப் பெற்றோரோடு பேசி வீட்டுக்குப் போய் முடிவு செய்யட்டும்.

இருட்டுமுன்

ஐந்தரைக்கு எல்லோரும் உள்ளே. வாயிலில் உள்ள அவுட் பாஸ்களைக் குழுவாரியாகச் சரிபார்த்துத் திருப்பிய பிறகே எண்ணிக்கை முடிந்தது. ஒரு குழு வரவில்லை என்றால் அரை மணி நேரம் பார்க்கலாம் என்று உட்காராதீர்கள். பாஸில் உள்ள எண்ணுக்கு உடனே பேசுங்கள், கிடைக்காவிட்டால் எழுதிய வழியிலேயே இரண்டு பெரியவர்கள் வண்டியில் போகட்டும். நெரிசலில் மாட்டிய பேருந்தாகத்தான் பெரும்பாலும் இருக்கும், இருந்தாலும் போங்கள்.

கொடியில் கிடப்பது காய்ந்ததோ இல்லையோ, எடுத்துவிடுங்கள். இரவில் வெளியே விட்டால் பனியில் நனைந்து, உறைபனிக் காலமென்றால் காலையில் அப்பளம்போல விறைத்து நிற்கும். அரைகுறையாகக் காய்ந்த துணியைச் சமையல் கூடாரத்துக்குள் உயரக் கட்டலாம்.

எண்ணெய், நெய், வெல்லம், மிஞ்சிய சுண்டல், வர்க்கி எல்லாம் மூடியுள்ள தகரப் பெட்டிக்குள் போய்ப் பொதுச் சேமிப்பறைக்குப் போக வேண்டும். தூங்கும் கூடாரத்தில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் இருக்கக் கூடாது. குரங்கு பகலில் வரும். எண்ணெய் வாசத்துக்குக் கரடி இரவில் வரும். கோயில் விளக்கில் ஊற்றும் எண்ணெய்க்காகவே கதவை உடைக்கும் கரடிகள் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் உண்டு. பாசறைத் தீக்குப் போகுமுன் அணித்தலைவர் ஒவ்வொரு பையையும் ஒரு முறை திறந்து பார்க்கட்டும். சாக்லேட்டை ஒளித்து வைத்திருக்கிறவர் எப்போதும் ஒருவர் இருப்பார்.